78 லோ சுகரா? ஜிகர்தண்டா வைத்தியருக்கு ஒரு கேள்வி

தல்லாகுளத்தான்:
நேத்து இங்க ஒரு பதிவு: “இட்லி சாப்பிட்டு மூணு மணி நேரத்துல கை நடுங்கி நெஞ்சு படபடத்தா அது பயம் இல்ல, லோ சுகர். மீட்டர்ல 78 காட்டினா உறுதி. ஒரு ஜிகர்தண்டா அடிங்க.” 78 எந்த ஊர்ல லோ? சுகர்காரங்களுக்கே 70-க்குக் கீழ போனாத்தான் லோ, 54-க்குக் கீழன்னா ஆபத்து. சுகர் இல்லாதவங்களுக்கு 55 வாக்குல வந்தாத்தான் டாக்டர் யோசிப்பார். அப்பவும் வைத்தியம் மூணு டீஸ்பூன் குளுக்கோஸ், சுமார் 15 கிராம், தண்ணியில கரைச்சு. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாக்கணும். பாலும் ஐஸ்கிரீமும் போட்டதுல கொழுப்பு, வயித்துல இருந்து இறங்கவே நேரமாகும்.

மேலமாசிவீதி:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம்ணே. 100-க்குக் கீழ மீட்டர் 15 கூடவோ குறையவோ காட்டலாம்னு மீட்டருக்கான தரவிதியே அனுமதிக்குது. 78-ன்னா நிஜத்துல 63-ஆ இருக்கலாம். எப்பவும் 250-ல ஓடுறவருக்கு 78-க்கு இறங்கினாலே அட்ரினலின் சுரந்து வேர்த்துக் கொட்டும்.

தல்லாகுளத்தான்:
93-ஆவும் இருக்கலாமே, அதை ஏன் முழுங்கிட்டீங்க? 250-ல ஓடுறவருக்கு ஜிகர்தண்டா, பிரமாதம்! தம்பி, லோ சுகர்னு சொல்லணும்னா மூணும் சேரணும்: அறிகுறி, அதே நேரத்துல ரத்தத்துல குறைஞ்ச அளவு, அளவு ஏறினதும் அறிகுறி மறையறது. பீதி 10 நிமிஷத்துல உச்சத்துக்குப் போய்த் தானா இறங்கும். அந்த நேரம் பாத்து எதைக் குடிச்சாலும் பேர் அதுக்குத்தான். பழம் உரிச்ச கையக் கழுவாம குத்தினா மீட்டர் அதிகமாக் காட்டும், அதையும் எழுதுங்க.

வைகைக்கரை:
ரெண்டு பேரும் காபிய விட்டுட்டீங்க. வெறும் வயித்துல ஸ்ட்ராங் ஃபில்டர் காபி இதே நடுக்கத்தைக் கொடுக்கும். நாலு இட்லி, சட்னி மட்டும்னா வெறும் மாவுதான். ரெண்டாக் குறைச்சு ஒரு முட்டையோ கெட்டிச் சாம்பாரோ சேத்தா ஏத்தமும் இறக்கமும் நிதானமா இருக்கும்.

தல்லாகுளத்தான்:
அக்கா, காபி அப்புறம். 78-க்குப் பதில் வரட்டும்.

உசிலைக்காரன்:
கருப்பட்டிக் காபின்னா பிரச்சினையே இல்ல.

தல்லாகுளத்தான்:
வந்துட்டாரு. கருப்பட்டியில சுகர் ஏறாதுன்னு சித்திரைத் திருவிழா சமயத்துல எழுதினவர்தானே? அதுலயும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான்யா.

உசிலைக்காரன்:
மெதுவா ஏறும்னுதான் எழுதினேன். பழசக் கிளறாதீங்க.

மேலமாசிவீதி:
ஜிகர்தண்டாவுல நன்னாரி சர்பத் இருக்கு, நேரடிச் சர்க்கரை. பாதாம் பிசின் குளிர்ச்சி வேற.

வைகைக்கரை:
பிசினா? கடல்பாசிதான் பழைய முறை.

மேலமாசிவீதி:
கடல்பாசி போட்டா அது ஜிகர்தண்டாவே இல்லக்கா.

தல்லாகுளத்தான்:
சர்பத்தத் தனியாக் குடிக்கச் சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இன்னொண்ணு: படபடப்புக்கு ப்ரோப்ரனலால்ங்கிற மாத்திரை போடுற சுகர்காரங்களுக்கு நடுக்கமும் நெஞ்சடிப்பும் மறைஞ்சிரும், வேர்வை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். இதெல்லாம் தெரியாம 78-ன்னு எழுதக்கூடாது. லோவா இல்லையா? ஒரே வார்த்தை.

மேலமாசிவீதி:
63-ன்னா லோ.

தல்லாகுளத்தான்:
நான் கேட்டது 78.