கந்தளாய்க் குளத்தடியில கடைசிக் காலம்: "ஆஸ்பத்திரிக்கு அரை மணித்தியாலம்" எண்டது ஆர் சொன்ன கணக்கு?

கண்டிவீதிக்காரன்:
நேத்து இங்க கனடாத் தம்பி ஒருத்தர் எழுதினதை வாசிச்சதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. கந்தளாய்க் குளத்துக்குப் பக்கத்தில ரிட்டையர் ஆனவைக்கெண்டு பன்னிரண்டு வீடு கட்டுறாங்களாம், பொதுச் சமையல்கட்டாம், வள்ளம் விட ஒரு துறையாம், தானும் மனுசியும் அங்க வந்து கடைசிக் காலத்தைக் கழிக்கப் போகினமாம். நல்லது, வாங்கோ, ஆர் வேண்டாமெண்டது. ஆனா கடைசியில ஒரு வசனம் போட்டவர் பாருங்கோ, "திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி அரை மணித்தியாலம்தான், நிலாவெளியில காணி வாங்கிறவைக்கு மூளை இல்லை" எண்டு. அரை மணித்தியாலமாம்! நான் முப்பத்தொரு வருசம் அந்தக் கண்டி றோட்டில பஸ் ஓடினவன். நாப்பது கிலோமீற்றர் கிட்ட வரும். காருக்குச் சட்டம் விடுறது வெளியில எழுபது, ஊர்மனைக்குள்ள ஐம்பது. எழுபதில ஒரு இடத்திலயும் பிறேக்கில கால் வைக்காமப் போனாலே முப்பத்துநாலு நிமிசம். முள்ளிப்பொத்தானையில பிறேக் போட மாட்டீரோ? தம்பலகாமம் சந்தியில? பின்னேரம் மாடு படுத்திருக்கிற இடத்தில? ஐம்பது நிமிசத்துக்குக் கீழ ஒருத்தராலும் ஏலாது. வயசு போனவையை வரச் சொல்லிக் கூப்பிடேக்குள்ள பொய்க்கணக்கு எழுதாதையுங்கோ.

ஸ்காபரோத் தம்பி:
ஐயா, வணக்கம். பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை. போன ஆவணியில நானே போனேன், வாடகை வான், காலமை அஞ்சரைக்கு வெளிக்கிட்டு முப்பத்திரண்டு நிமிசத்தில ரவுணுக்குள்ள நிண்டம். போனில நேரம் இருக்கு. முப்பத்திரண்டு நிமிசத்தை அரை மணித்தியாலம் எண்டு சொல்லாம வேற என்னெண்டு சொல்றது?

கண்டிவீதிக்காரன்:
"ரவுணுக்குள்ள" எண்டா எங்க? ஆஸ்பத்திரி வாசலா, ரவுண் தொடங்கிற இடமா? முப்பத்திரண்டு நிமிசமெண்டா அந்த வான்காரன் சராசரியே எழுபத்தைஞ்சில ஓடியிருக்கிறான், சில இடத்தில நூறு அடிச்சிருப்பான். உம்மட உயிரோட விளையாடியிருக்கிறான், அதை நீர் பெருமையா எழுதுறீர்.

குளக்கட்டு:
கண்டிவீதி அண்ணைக்கு எங்கட ஊரெண்டாலே ஒரு இளக்காரம். கந்தளாயில ஆஸ்பத்திரி இல்லாத மாதிரிக் கதைக்கிறார். ஆதார வைத்தியசாலை ஊருக்குள்ளயே இருக்கு. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஒரு சதம் குடுக்கத் தேவையில்லை. நான் அந்தக் குளத்துத் தண்ணி குடிச்சு வளந்தவன். திருகோணமலை ரவுண்காரருக்கும் குழாயில வாறது எங்கட குளத்துத் தண்ணிதான், அதை ஞாபகம் வச்சுக்கொண்டு கதையுங்கோ. விடியக்காலையில குளக்கட்டில நிண்டு பாத்திருக்கிறீங்களா? பனி மூடிக் கிடக்கும், நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காய வைக்கும், வலைக்காரர் ஜப்பான் மீனோட கரைக்கு வருவினம், அந்த மீனை அப்பவே வாங்கிப் புளி கரைச்சுக் குழம்பு வச்சா, கறுத்த எருமைத் தயிரும் ஒரு சட்டி வாங்கினா, வேற என்ன வேணும் மனிசனுக்கு. நிலாவெளியில என்ன இருக்கு? உப்புக்காத்து. கேற் போட்டு ரெண்டு வருசத்தில துருப்பிடிச்சு விழும்.

நிலாவெளிப் பெடியன்:
அண்ணை நிலாவெளியைப் பற்றிக் கதைக்கேக்குள்ள கொஞ்சம் பாத்துக் கதையுங்கோ. எங்களுக்குப் புறாத்தீவு கண்ணுக்கு முன்னால இருக்கு, 2003லயே தேசியப் பூங்கா ஆக்கினது. உங்கட குளம் ஆவணி புரட்டாசியில எப்பிடிக் கிடக்கும் எண்டு சொன்னீங்களா? சிறுபோகத்துக்குத் தண்ணி விட்டு முடிய அரைவாசி சேறு, அதில மாடு மேயும். வள்ளம் விடுற துறையாம். சேத்தில வள்ளத்தைத் தள்ளப்போறீங்களா? எங்கட இடத்தில இருந்து பெரியாஸ்பத்திரி பதினைஞ்சு கிலோமீற்றர் போலதான்.

குளக்கட்டு:
மகாவலித் தண்ணியும் வருது தம்பி, குளம் ஒரேயடியா வத்திறேல்லை. 2004 மார்கழி 26 உங்கட கரையில என்ன நடந்தது எண்டு நான் சொல்லோணுமா?

கண்டிவீதிக்காரன்:
அப்ப 1986 சித்திரை 20 உங்கட குளத்தில என்ன நடந்தது எண்டு நான் சொல்லவா? விடியப்புறம் மூண்டு மணி போல கட்டு உடைஞ்சு நூறு பேருக்கு மேல நித்திரையிலயே அள்ளுப்பட்டுப் போச்சினம். அப்ப நான் இளந்தாரி. றோட்டு விட்டாப் பிறகு முதல் போன பஸ்ஸுகளில ஒண்டு நான் ஓடினது. சேத்துக்குள்ள கதவு, கட்டில், ஆட்டுக்குட்டி. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா நான் அதைக் கதைக்க வரேல்லை. அரை மணித்தியாலம் பொய்யெண்டு சொல்லத்தான் வந்தனான். அதுக்கு இன்னும் ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை.

குளக்கட்டு:
வீடு கட்டுறது கட்டுக்குக் கீழ இல்லை, மேல்பக்கம். உடைஞ்சாலும் தண்ணி கீழதான் பாயும். குளக்கோட்டன் ராசா கட்டின குளத்தை ஆளாளுக்கு இப்ப நொட்டை சொல்லினம்.

கிண்ணியாத் துறை:
குளக்கோட்டன் கட்டினதெண்டு ஆரு சொன்ன? அது கோணேசர் கல்வெட்டு எண்ட பழைய கோயில் நூலில வாற கதை. மகாவம்சம் இரண்டாம் அக்கபோதி எண்டுதானே சொல்லுது, பராக்கிரமபாகு பிறகு திருத்தினதெண்டும் இருக்கு.

குளக்கட்டு:
நானா, குளமும் கோட்டமும் கட்டினபடியாத்தான் அவனுக்கு அந்தப் பேரே வந்தது. அந்த ஊர்ச் சனத்தின்ர வாயில தலைமுறை தலைமுறையா இருக்கிற கதை அது, புத்தகத்தை வச்சு அதை அழிக்க ஏலாது.

கிண்ணியாத் துறை:
அழிக்கிறதுக்கு நான் வரல்ல. நான் வந்தது கண்டிவீதி அண்ணன்ட கணக்கைப் பத்திச் சொல்லத்தான். போன முறை இதே இடத்தில கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் எண்டு நான் எழுத, இவரு "400, நான் ஓடின றோட்டு" எண்டு ரெண்டு நாள் விடாம நிண்டாரு. நம்மட பாலத்தின்ட நீளம் நமக்குத் தெரியாதாம். இப்ப அவருதான் மத்தவங்கட ரெண்டு நிமிசத்தைப் பிடிச்சுத் தொங்குறாரு. 2009ல பாலம் திறக்கிறதுக்கு முந்தி நாங்க பாதையில, அதான் ஆக்களை ஏத்திற மிதவையில, ஏறித்தான் அக்கரைக்கு வரணும், காத்தடிச்சாப் பாதை ஓடாது, எங்கட உம்மாவை அப்பிடித்தான் ஒரு இரவு துறையில வச்சுக்கிட்டு இருந்தம். ஆஸ்பத்திரித் தூரம் எண்டா என்னண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவல்ல.

கண்டிவீதிக்காரன்:
நானா, பாலத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம், அதில அணுகு பாதையும் சேத்துத்தான் நான் சொன்னனான். இப்ப அரை மணித்தியாலத்துக்கு வாங்கோ.

உப்புவெளி ரீச்சர்:
எல்லாரும் றோட்டையே அளந்துகொண்டு இருக்கிறீங்கள். ஸ்காபரோத் தம்பி, நான் ஒண்டு கேக்கட்டா? பன்னிரண்டு வீடு எண்டீங்கள், பன்னிரண்டிலயும் வயசு போனவை மட்டும்தானே. ஒரு சின்னப் பிள்ளையின்ர சத்தம் கேக்காது. எங்கட சேர், என்ர மனுசன், மோசம் போய் ஏழு வருசம், நான் உப்புவெளியில தனியத்தான் இருக்கிறன். காலமை கேற் திறக்காட்டிப் பக்கத்து வீட்டுப் பெட்டை வந்து தட்டுவாள். காய்ச்சலெண்டா முன்வீட்டில இருந்து கஞ்சி வரும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில உள்ளுக்குக் கிடக்க ஏலாது, எல்லாரும் வேப்பமரத்துக்குக் கீழ கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து கதைப்பம். இதைக் காசு குடுத்து வாங்க ஏலுமா? அங்க வாற பன்னிரண்டு பேரும் பனிக்காலத்துக்கு மட்டும் வந்திட்டுப் போறவையெண்டா மிச்ச மாசம் ஆரோட கதைக்கிறது, வாச்சரோடயா? ஆமி, ஷெல், சுனாமி எல்லாத்துக்கும் பிறகும் நாங்கள் இங்க இருக்கிறமெண்டா அக்கம்பக்கம் இருந்தபடியாத்தான்.

ஸ்காபரோத் தம்பி:
ரீச்சர், உங்களோட சண்டை பிடிக்க எனக்கு மனமில்லை. ஆனா எங்களுக்கு அந்த அக்கம்பக்கம் இப்ப எங்க இருக்கு? எங்கட வீடு இருந்த ஒழுங்கையில எனக்குத் தெரிஞ்ச ஒரு சனமும் இல்லை, வளவே இல்லை. முப்பத்தாறு வருசம் குளிருக்குள்ள ரெண்டு வேலை செய்தனான், ஸ்னோ அள்ளி முதுகு போச்சு. ஒரு தண்ணிக்கரையில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கோணும் எண்டு மனுசி இருபது வருசமாச் சொல்றா. அதுக்கு நீங்கள் எல்லாரும் சேந்து வெளிநாட்டுக்காரன் எண்டு நக்கல் அடிக்கிறீங்கள். ஊருக்குக் காசு அனுப்பேக்குள்ள மட்டும் நாங்கள் சொந்தம்.

நிலாவெளிப் பெடியன்:
அண்ணை, நிலாவெளியில காணி வாங்கிறவைக்கு மூளை இல்லை எண்டு முதல் எழுதினது ஆர்? நீங்கள்தானே. நக்கலை ஆர் தொடங்கினது?

கிண்ணியாத் துறை:
காணியெண்டதும் ஞாபகம் வந்தது. தம்பி கனடாப் பாஸ்போட் மட்டும் வச்சிருந்தா உறுதி எழுத ஏலாது, 2014ல வந்த 38ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. இரட்டைக் குடியுரிமை எடுக்கணும், வயசு ஐம்பத்தைஞ்சு தாண்டினா அதுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாட்டிக் குத்தகைதான். அதோட கந்தளாயில கனபேரிட்ட இருக்கிறது குடியேற்றத் திட்டத்துப் பெர்மிட் காணி, 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில குடுத்தது, நினைச்ச மாதிரி விக்க ஏலாது. குள ஒதுக்கீட்டுக்குள்ள வருதா எண்டும் பாக்கணும். விளம்பரத்தில உறுதி எண்டு போட்டிருக்கா, ஒப்பம், அதான் பெர்மிட், எண்டு போட்டிருக்கா?

ஸ்காபரோத் தம்பி:
உறுதி எண்டுதான் சொன்னாங்கள். இரட்டைக் குடியுரிமை ஃபோம் நிரப்பி வச்சிருக்கிறன். கனடாப் பக்கத்து விசயமும் எனக்குத் தெரியும், ஹெல்த் காட் வேணுமெண்டா ஒன்ராறியோவில பன்னிரண்டு மாசத்தில 153 நாள் நிக்கோணும். வயோதிபர் பென்சன் வெளிநாட்டில இருந்தும் எடுக்கலாம், பதினெட்டு வயசுக்குப் பிறகு 20 வருசம் அங்க இருந்திருந்தாச் சரி, வருமானம் குறைஞ்சவைக்குக் குடுக்கிற மேலதிகக் காசுதான் ஆறு மாசத்துக்கு மேல வெளியில நிண்டா நிண்டுபோகும். எல்லாம் பாத்திட்டுத்தான் முடிவெடுக்கிறன். ஒண்டும் தெரியாம வாறவன் இல்லை நான்.

கண்டிவீதிக்காரன்:
153 நாள் கணக்கு இவ்வளவு வடிவாத் தெரியும், நாப்பது கிலோமீற்றருக்கு எவ்வளவு நேரம் எண்டது மட்டும் தெரியாது. அரை மணித்தியாலம்!

குளக்கட்டு:
அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. நிலாவெளியில உங்கட மருமகனுக்கு ரெண்டு பரப்பு விக்கக் கிடக்குது எண்டு கேள்விப்பட்டன். அதுக்குத்தானே இந்த ஓட்டம்?

கண்டிவீதிக்காரன்:
வாயை அடக்கிக் கதையும். அந்தக் காணி வித்து மூண்டு மாசம். நான் ஏன் இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டு தெரியோணுமா? என்ர மூத்த தமையன் கந்தளாய்ப் பக்கம்தான் இருந்தவர். ஒரு கார்த்திகை மாசம், விடாத மழை, ராத்திரி பதினொண்டரைக்கு நெஞ்சுக்குள்ள அடைக்குது எண்டவர். கிட்ட இருந்த ஆஸ்பத்திரியில பாத்திட்டுப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிச்சினம். நான்தான் வானை ஓடினனான், அம்புலன்ஸ் வேற இடத்துக்குப் போயிருந்தது. முப்பத்தொரு வருசம் ஓடின றோட்டு, ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். பாலம்போட்டாறில றோட்டுக்கு மேல தண்ணி. ஊர்ந்துதான் போனன். ஐம்பத்தெட்டு நிமிசம். அவர் "கிட்டவா, கிட்டவா" எண்டு கேட்டுக்கொண்டு வந்தவர், நான் "இந்தா வந்திட்டுது" எண்டு சொல்லிக்கொண்டே ஓடினன். தம்பலகாமத்துக்குப் பிறகு அவர் கேக்கேல்லை. அரை மணித்தியாலம் எண்டு ஆரும் எழுதினா எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கத்தான் செய்யும்.

உப்புவெளி ரீச்சர்:
அண்ணை, இதை முதலே சொல்லியிருக்கலாமே. எனக்குக் கை நடுங்குது.

ஸ்காபரோத் தம்பி:
ஐயா, உங்கட தமையனுக்கு நடந்ததுக்கு உண்மையா மனவருத்தம். ஆனா அது மழைக்கால இராத்திரி. நான் சொன்னது சாதாரண நாள். முப்பத்திரண்டு நிமிசம் எண்டது நடந்த விசயம், அதை நான் மாத்தி எழுத ஏலாது.

கண்டிவீதிக்காரன்:
நெஞ்சு நோகிறது சாதாரண நாள் பாத்தோ வரும்? கார்த்திகை மார்கழி தை, நீங்கள் எல்லாரும் குளிருக்குப் பயந்து இங்க ஓடி வாற மாசம்தானே எங்களுக்கு மாரி. நீர் இங்க நிக்கப்போறதே அந்த மழைக்குள்ளதான்.

நிலாவெளிப் பெடியன்:
அது சரியான கதை. ரீச்சர் கேட்ட கேள்விக்கும் ஒருத்தரும் ஒழுங்கா மறுமொழி சொல்லேல்லை.

குளக்கட்டு:
ரீச்சர் கேட்டதுக்கு நான் சொல்றன், எங்கட ஊர்ச் சனம் ஆரையும் தனிய விடாது, சிங்களச் சனமும் முஸ்லிம் சனமும் தமிழ்ச் சனமும் ஒரே சந்தையிலதான் மரக்கறி வாங்குது. அதைவிடக் கண்டிவீதி அண்ணை மழைக்காலத்தை வச்சு வருசம் முழுக்க ஐம்பது நிமிசம் எண்டு சொல்றது நியாயமில்லை. நாப்பது எண்டு சொன்னா நான் ஒத்துக்கொள்ளுவன்.

கண்டிவீதிக்காரன்:
நாப்பதும் இல்லை. வாற சனிக்கிழமை நான் ஓடிக் காட்டுறன், சட்டப்படி ஓடுவன். பெரியாஸ்பத்திரி வாசலில ஆரும் மணிக்கூட்டோட நில்லுங்கோ.

கிண்ணியாத் துறை:
சனிக்கிழமை றோட்டில சனம் இல்ல அண்ணன். திங்கள் காலமை பள்ளிக்கூட நேரம் ஓடுங்க.

குளக்கட்டு:
எங்கயிருந்து தொடங்கிறது? குளக்கட்டில இருந்தா, கந்தளாய்ச் சந்தியில இருந்தா?

கண்டிவீதிக்காரன்:
வீட்டு வாசலில இருந்து. வருத்தக்காரனைச் சந்தியிலயோ கொண்டுபோய்க் கிடத்தி வைக்கிறது?

குளக்கட்டு:
வீடு இன்னும் கட்டவே தொடங்கேல்லை அண்ணை, அத்திவாரம் மட்டும்தான் வெட்டிக் கிடக்கு. எந்த வாசல்?

கண்டிவீதிக்காரன்:
வாசலே இல்லாத வீட்டில இருந்து அரை மணித்தியாலம் எண்டு அளந்து எழுதினது ஆர்? அதுக்கு முதல் மறுமொழி சொல்லச் சொல்லுங்கோ.