நைட் வாட்ச் 717 கிகாபிக்சல் படம்: ஏ1 பிரிண்டுக்கு எந்த ஜூம் நிலை?

தூரிகை:
ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' (1642) ஓவியத்தில், லெப்டினன்ட் ரைட்டன்பர்க் அணிந்திருக்கும் சட்டையின் தங்க ஜரிகையை ஓவிய வகுப்புச் சுவரில் ஏ1 அளவில் (சுமார் 59 × 84 செ.மீ.) மாட்ட வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் வெளியிட்ட 717 கிகாபிக்சல் (71,700 கோடி பிக்சல்) படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் 1920 பிக்சல் அகலம்தான். முழுசாக இறக்க வழி உண்டா? டைல்களை, அதாவது தளம் படத்தை வெட்டி அனுப்பும் சதுரத் துண்டுகளை, ஒட்டிப் பார்த்தால் நிறம் வெளிறிப்போகிறது.

பிக்சல்பித்தன்:
முழுசாக வேண்டவே வேண்டாம். அது 8,439 போட்டோக்களை ஒட்டியது, 5.6 டெராபைட்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிக்சல் ஓவியத்தில் 0.005 மி.மீ. ஏ1 பிரிண்டுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 7016 × 9933 பிக்சல் தேவை. கடைசி ஜூம் நிலையில் எடுத்தால் ஓவியத்தில் வெறும் 35 × 50 மி.மீ. துண்டுதான் தாள் முழுக்க வரும். ஜரிகை என்றே யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நிலை கீழே இறங்கும்போதும் பிக்சல் எண்ணிக்கை இரு பக்கமும் பாதியாகும். மூன்று நிலை இறங்குங்கள்: 28 × 40 செ.மீ. பகுதி கிடைக்கும். கேப்டன் பானிங் காக்கின் கை நிழல் சட்டையில் விழும் இடம், அந்த நிழல் விரல்களுக்கு நடுவே ஆம்ஸ்டர்டாம் சின்னத்தோடு நிற்கும் சிங்கம், எல்லாம் அதற்குள் அடங்கும்.

டீஜூமிஃபை மாதிரிக் கருவிகள் ஒரு நிலையை முழுசாக இறக்கும். மூன்று நிலை இறங்கிய பிறகும் முழு ஓவியம் சுமார் 1,15,000 பிக்சல் அகலம். ஜேபெக்கில் ஒரு பக்கம் 65,535க்கு மேல் போகாது, அங்கேயே நின்றுவிடும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து டைல் முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் நிலை, நெடுவரிசை, வரிசை எண்கள் அதிலேயே இருக்கும். டைல் 512 பிக்சல் என்றால் 15 × 21, அதாவது 315 டைல் போதும். ஒரே நேரத்தில் நூறு டைல் கேட்டால் சர்வர் மறுத்துவிடும், படத்தில் கறுப்புக் கட்டங்கள் விழும். நாலைந்தாகக் கேளுங்கள். ஒட்டிய இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தால், டைல்கள் ஓரத்தில் ஒரு பிக்சல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அதை வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.

வண்ணக்காரி:
வெளிறல் பெரும்பாலும் கலர் புரொஃபைல் கோளாறு. படத்தின் எண்களை எந்த நிறமாகக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குறிப்புதான் புரொஃபைல். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் உள்ள டைல்களை ஒட்டும்போது புரொஃபைல் உதிர்ந்துபோனால், மென்பொருள் அதை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய வரம்பு என்று நினைத்துக் காட்டும். ஒற்றை டைலைத் திறந்து அதிலுள்ள புரொஃபைலைப் பாருங்கள். ஒட்டிய படத்துக்கு அதையே 'அசைன்' செய்யுங்கள். 'கன்வெர்ட்' கொடுத்தால் தப்பான நிறம் அப்படியே நிலைத்துவிடும்.

சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பார்கள் என்றால் 150 டிபிஐ தாராளம். இன்னும் ஒரு நிலை இறங்கலாம். மாணவர்கள் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்கள் என்றால் 300.

கட்டம்போட்டவன்:
இந்த வேலையைப் பழக சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் தளம் சுலபம். ட்ரிப்பிள்-ஐ-எஃப் (IIIF) என்பது அருங்காட்சியகப் படங்களை இணைய முகவரி வழியே கேட்கும் பொது முறை. அதில் பகுதி, அளவு, சுழற்சி, தரம் என்ற வரிசையில் முகவரியிலேயே எழுதிக் கேட்கலாம். பகுதிக்கு 4000,3000,2048,2048 (இடமிருந்து, மேலிருந்து, அகலம், உயரம்) என்றும் அளவுக்கு "1024," (காற்புள்ளியோடு, அகலம் மட்டும்) என்றும் கொடுத்தால் அந்தத் துண்டு பாதியாகச் சுருங்கி வரும். பலர் தடுக்கி விழும் இடம்: பகுதி எண்கள் எப்போதும் முழு அளவுப் படத்தின் கணக்கு, சுருக்கியதன் கணக்கு அல்ல. அங்குள்ள, ஓவியர் ஜார்ஜ் சரா புள்ளிபுள்ளியாக வரைந்த 'லா கிராண்ட் ஜாத்' ஓவியத்தில் வெயில் படும் புல்வெளியை இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஜிங்க் மஞ்சள் புள்ளிகள் பழுப்பாக மாறியிருப்பது தனித்தனியாகத் தெரியும்.