லோடு 18, சிபியு 12%: கிராஃபானா காட்டுறதுல எதை நம்புறது?

திண்டுக்கல்_லினக்ஸ்:
நாலு கோர், 8 ஜிபி ரேம், உபுண்டு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர்). பில்லிங் ஆப், மைஎஸ்க்யூஎல் ரெண்டும் அதுலயே. சர்வர் அளவுகளை எடுத்துக் குடுக்க நோட் எக்ஸ்போர்ட்டர், அதைச் சேர்த்து வைக்க புரோமீதியஸ் போட்டு, வரைபடமாப் பாக்க கிராஃபானால 1860ங்கிற ரெடிமேட் டாஷ்போர்டை இறக்கியிருக்கேன். ராத்திரி 2 மணிக்கு லோடு 18ஐத் தாண்டி ஆப் ஊர்ந்து போகுது. ஆனா சிபியுல யூசர், சிஸ்டம் ரெண்டும் சேர்ந்தே 12%தான். ஃப்ரீ ரேம் 300 எம்பி. எதைக் கூட்டுறது, ரேமா கோரா?

நெட்வொர்க்_நாடோடி:
எட்டு கோருக்குப் போயிடுங்க. 18 லோடுக்கு நாலு எப்படிப் பத்தும்?

பழைய_அட்மின்:
தம்பி, காசை எடுக்காதீங்க. லினக்ஸ்ல லோடுங்கிறது சிபியு கேட்டு நிக்கிற புராசஸ் எண்ணிக்கை மட்டும் இல்ல. டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்குற டி ஸ்டேட் புராசஸும் அதுல சேரும். ரேஷன் கடையில பில் போடுறவர் சும்மா உக்காந்திருக்கார், குடோன்லேர்ந்து மூட்டை வரல, வரிசை மட்டும் தெரு வரைக்கும். இன்னொரு பில்காரரைப் போட்டு என்ன ஆகும்?

அதே சிபியு பேனல்ல ஐஓவெயிட் (டிஸ்க் வேலை முடியட்டும்னு சிபியு சும்மா இருந்த நேரம்) கோட்டைப் பாருங்க. ஸ்டீல் (நமக்கு வர வேண்டிய சிபியு நேரம் ஹோஸ்ட்ல வேற வேலைக்குப் போனது) ஏறியிருந்தா அது வேற கதை, ஹோஸ்டிங்காரங்ககிட்டதான் கேக்கணும். கர்னல் 4.20க்கு மேலன்னா பிரஷர் அளவும் (சிபியு, ரேம், டிஸ்க் கிடைக்காம வேலை எவ்வளவு நேரம் தடைபட்டுச்சுன்னு) கிடைக்கும், லோடைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஃப்ரீ ரேமை மறந்துடுங்க. மிச்ச ரேமைக் கர்னல் கேஷுக்கு எடுத்துக்கும், கேட்டா திருப்பிக் குடுக்கும். அவைலபிள்னு இருக்குற எண்தான் கணக்கு.

சரி, 2 மணிக்குக் கிரான்ல (நேரம் குறிச்சு தானா ஓடுற வேலைப் பட்டியல்) என்ன இருக்கு?

திண்டுக்கல்_லினக்ஸ்:
அண்ணே, மைஎஸ்க்யூஎல் டம்ப், டேட்டாபேஸ் பேக்கப்! அதே டிஸ்க்லயே எழுதுது. ஐஓவெயிட் 70%.

பழைய_அட்மின்:
அப்புறம் என்ன. டம்பை எஸ்எஸ்எச் வழியா நேரா வேற மெஷினுக்குப் பைப் பண்ணுங்க, எழுதுற பாரம் போயிடும். டேபிள் இன்னோடிபி வகைன்னா சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன் ஆப்ஷனும் வேணும், இல்லன்னா டம்ப் ஓடும்போது டேபிள் லாக் ஆகி பில் நிக்கும்.

நெட்வொர்க்_நாடோடி:
நான் கோர்னு சொன்னதை விட்டுடுங்க :) ஆனா 2 மணிக்கு முழிச்சிருந்து யார் பேனல் பாக்குறது? ஐஓவெயிட் பத்து நிமிஷம் ஏறியே இருந்தா அலர்ட் வர்ற மாதிரி வைங்க.

பழைய_அட்மின்:
கரெக்ட். டிஸ்க் நிரம்புறதுக்கும் 90%னு கோடு கிழிக்காம பிரெடிக்ட் லீனியர் (இப்போ நிரம்புற வேகத்தை வெச்சு முன்கூட்டிக் கணிக்கிற புரோமீதியஸ் ஃபங்ஷன்) போடுங்க, நாலு மணி நேரத்துல நிரம்பும்னா இப்பவே கத்தும். புரோமீதியஸ் அதே விபிஎஸ்லயா? விபிஎஸ் விழுந்தா கத்த ஆள் இருக்காது, வெளிய மாத்துங்க. மாத்தும்போது நோட் எக்ஸ்போர்ட்டரோட 9100 போர்ட்டை ஊருக்கே திறந்து விட்டுடாதீங்க, புரோமீதியஸ் ஐபிக்கு மட்டும்.