‘விடு’ ஒன்று, வேலை மூன்று: குழந்தை கவுன் பேட்டர்னுக்குச் சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

துணியை வைத்து வெட்டும் தாளான பேட்டர்னுக்கு ‘வெட்டுப்படிவம்’ போதும் என்று விட்டுவிடலாம். சிக்கல், அதன்மேல் எழுத வேண்டிய குறிப்பில். சென்னையில் எந்தத் தையற்கடையிலும் ‘விடு’ என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. தைப்பதற்கு அரை இன்ச் விடு. போட்டுக்கொள்ள மூன்று இன்ச் லூஸ் விடு. பிள்ளை வளரும், உள்ளே கொஞ்சம் விட்டு வை. எதிரே நின்று பேசும்போது குழப்பமில்லை. தாளில் ‘விடவும்’ என்று மட்டும் அச்சிட்டால் துணி பாழ்.

மார்புச் சுற்று 22 இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டனுக்கு லூஸ் 3 சேர்த்தால் 25. முன்பக்கமும் பின்பக்கமும் மடித்து வெட்டுவதால், கால் பங்கு 6¼. தையல் விழ வேண்டிய கோடு அதுதான். அதற்கு வெளியே பக்கத் தையலுக்கு ½, வளர்ச்சிக்கு ½, வெட்டுவது 7¼. இதில் வளர்ச்சித் துணியை மறந்து, ஓரத்திலிருந்து ½ தள்ளித் தைத்தால் சுற்று 27 ஆகி, கவுன் தொளதொளவென்று நிற்கும். லூஸையும் தையலுக்கு விட்டது என்று எண்ணிப் பிடித்தால் சரியாக 22. கையைத் தூக்க முடியாது.

என் பரிந்துரை: தைக்க விடுவதற்குத் தையலோரம், லூஸுக்குத் தளர்வு, வளர்ச்சிக்கு விடுவதற்கு வளர்துணி.

*

ஐயா,

தளர்வும் வளர்துணியும் சரி. வளர்துணி, வளர்பிறை போல வினைத்தொகையாக அமைந்திருக்கிறது, விளக்கமே வேண்டாம். தையலோரம்தான் உதைக்கிறது. ‘ஓரம் அடிக்க’ என்று புடவையைக் கொடுக்கும் ஊரில் ஓரம் என்றால் துணியின் விளிம்பு. ‘தையல் விடுப்பு’ என்றால் தையற்காரர் லீவு போட்டதாகிவிடும்! தையற்காரர்கள் ‘அரை இன்ச் பிடிச்சு தை’ என்பதால் ‘பிடிதுணி’ என்கிறேன். பிடிதுணி, வளர்துணி இரண்டும் தையல்கோட்டுக்கு வெளியே இருப்பவை, அதனால் துணி. தளர்வு கோட்டுக்கு உள்ளே, உடம்புக்கும் உடைக்கும் நடுவே இருப்பது. தனியாக வெட்டி எடுத்துக் காட்ட முடியாது. பனியன் துணியில் அது சுழியமாகக்கூட இருக்கலாம்.

இடத்துக்கு இடம் அளவு மாறுவதையும் குறிப்பில் சொல்ல வேண்டும். கழுத்துக்குப் பிடிதுணி ¼ போதும், வளர்துணி கூடாது. ½ வைத்து வரைந்த கழுத்தை ¼-இல் தைத்தால் சுற்றில் ஏறக்குறைய 1½ இன்ச் குறையும். நாலு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்று சுமார் 20 இன்ச். பின்னால் திறப்பு இல்லாத கவுன் காதோடு நின்றுவிடும். வளைவில் பிடிதுணியைச் சிறு சிறு வெட்டாக, தையலைத் தொடாமல் வெட்டிவிடாவிட்டால் திருப்பும்போது சுருங்கி நிற்கும். பக்கத் தையலின் வளர்துணியையும் கைக்குழிக்கு ஒரு இன்ச் கீழிருந்தே சரித்துக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அக்குளில் கட்டியாகத் தேங்கி உறுத்தும். உள்ளே ரூபியா என்ற பருத்தித் துணியில் லைனிங் போட்டால் அதிலும் அதே அளவு விட்டாக வேண்டும். மேல்துணியில் மட்டும் விட்டுப் பயனில்லை, பிரிக்கும்போது உள்துணி இழுத்துப் பிடிக்கும்.

*

அம்மா, பிடிதுணியை ஏற்கிறேன். கைக்குழி விஷயம் நான் விட்டது.

இந்தச் சொல் வெளிநாட்டுப் படிவங்களுக்கு இன்னும் அவசியம். அமெரிக்கக் கம்பெனித் தாள்களில் வழக்கமாகப் பிடிதுணி ⅝ இன்ச் சேர்த்தே வரைந்திருக்கும். ஜெர்மனியின் புர்டா இதழ்த் தாள்களில் வழக்கமாக இராது. முதல் வகையில் இன்னொரு ½ சேர்த்து வெட்டி, ½-இல் தைத்தால் சுற்று 2½ இன்ச் கூடும். ஆகவே படிவத்தின் தலைப்பிலேயே ‘பிடிதுணி சேர்ந்தது’ அல்லது ‘பிடிதுணி சேராதது’ என்று ஒரு வரி.

பட்டுப்பாவாடையில் போடும் டக் மடிப்பும் வளர்துணிதான் என்பேன். ½ இன்ச் டக் ஒன்று 1 இன்ச் துணியை விழுங்கும். இரண்டு டக்கைப் பிரித்தால் நீளம் 2 இன்ச் இறங்கும். பட்டில் மெஷின் தையலைப் பிரித்தால் ஊசித்துளை தெரியும், டக்கைக் கையால் நூலோட்டமாகப் போடுவது நல்லது.

பட்டன் துளை போடும் காஜாப்பட்டிக்கு விடும் துணி இந்த மூன்றிலும் அடங்காது. அதைப் ‘பட்டி’ என்றே எழுதலாம், எல்லாருக்கும் தெரிந்த சொல். மறுப்பில்லையென்றால் பிடிதுணி, தளர்வு, வளர்துணி மூன்றையும் தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புகிறேன்.