15 பேரில் 2 பெண்கள்: எங்கள் சகவாழ்வுக் குழுவுக்கு இது போதுமா?

வெருகல்கரை:

திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் பிரிவில், ஊர்களுக்கு இடையிலான பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற சகவாழ்வுக் குழுவைப் புதிதாக அமைக்கிறார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் வேலியோடு வேலியாக இருக்கிற இடம், அதனால் இங்கே அந்தக் குழுவுக்கு நிறைய வேலை உண்டு. போன வாரம் அறிவித்தல் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். மொத்தம் 15 பேர். கோயில் பரிபாலன சபை 3, பள்ளிவாசல் நிர்வாகம் 3, விகாரை சார்பில் 2, கமக்காரர் அமைப்பு 2, மீனவர் சங்கம் 2, வர்த்தகர் 1, பெண்கள் 2. அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி, மாதர் சங்கச் செயலாளர் என்ற முறையில்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன வருடம் ஒரு கிரிக்கெட் மட்ச்சில் தொடங்கிய சண்டை எங்கள் ஊருக்கும் பக்கத்து முஸ்லிம் ஊருக்கும் இடையில் பெருத்து, ஒரு மோட்டார் சைக்கிளைக் கொளுத்தும் வரை போய்விட்டது. அன்று இரவு பத்து மணிக்கு எங்கள் ஊரில் இடியப்பம் விற்கிற அம்மா ஒருவர், அந்த ஊரில் தன்னிடம் வழமையாக வாங்குகிற ராத்தாவுக்கு போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். "உங்கட பக்கம் பெடியன்கள் சந்தியில நிக்கிறாங்களா?" "நிக்கிறாங்க. நான் என்ட மகன உள்ளுக்குப் போட்டுப் பூட்டிட்டன். நீயும் பூட்டு." அதன் பிறகு அந்த அம்மா ஒவ்வொரு படலையாகப் போய்த் தட்டினார். விடிய ஐந்தரைக்கு இடியப்பப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வழமைபோல அந்த ஊருக்குள் நடந்தார். முதல் மூன்று வீட்டுப் படலைகள் திறக்கவில்லை. நாலாவது திறந்தது. அவர் திரும்பி வந்தபோது பெட்டி காலி.

மூன்று நாளைக்குப் பிறகு பாலர் பாடசாலையில் கூட்டம். யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். அந்த அம்மாவும் அங்கேதான் இருந்தார், பின்னால், இருபது பேருக்குப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு. கூட்ட அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிறகு நான் தேடிப் பார்த்தேன்.

நான் கேட்பது மூன்று விஷயம். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கூட்டம் பெண்கள் வரக்கூடிய நேரத்தில். முடிவு எடுக்க முன்னமே எங்களிடம் கேட்பது. உங்கள் அபிப்பிராயம் என்ன?

கிண்ணியா சேர்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த இடியப்ப அம்மாவுக்கு என் மரியாதை. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

நெருக்கடி நேரத்தில் தேவை, சொன்னால் கேட்பார்கள் என்ற பலம். பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு தீர்மானத்தில் கையெழுத்து வைத்தால் ஜமாஅத் கட்டுப்படும். கோயில் தலைவர் சொன்னால் ஊர் கேட்கும். அந்தப் பலம் இல்லாதவர்களை எண்ணிக்கைக்காக உட்கார வைத்தால் தீர்மானத்தின் பெறுமதிதான் குறையும். ஐந்து வருடம் இப்படியான குழுவில் இருந்தவன் நான். என் மனைவியிடம் கேட்காமல் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. பெண்களுடைய கருத்து எங்கள் வாயால் வரத்தான் செய்கிறது.

மற்றது, பெண்கள் எழுந்தால் குழாய்த் தண்ணீர், வடிகான், பஸ் என்று போகிறது. அது பிரதேச சபைக்குரிய வேலை. சகவாழ்வுக் குழுவுக்கு வருவது காணி எல்லை, சிலை, ஒலிபெருக்கி, இறந்தவர்களை அடக்கும் மையவாடி. வேண்டுமானால் பெண்களுக்குத் தனியாக ஓர் உப குழு அமைப்போம். அவர்கள் சுதந்திரமாகக் கதைத்து எங்களுக்கு எழுதித் தரட்டும்.

கரைவலை:

நானும் எதிர்தான், ஆனால் சேருடைய காரணத்துக்காக இல்லை.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் பெண்கள் குழு அமைக்காத நிறுவனம் இல்லை. என் மனைவியின் பெயர் ஒரே நேரத்தில் மூன்று குழுவில் இருந்தது. பெனர் கட்டினார்கள், படம் எடுத்தார்கள், பகலுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். ப்ரொஜெக்ட் முடிந்ததும் வாகனம் வருவது நின்றது. குழுக் கடன் மட்டும் மிஞ்சியது, அதை வாராவாரம் கட்டியது அவள். 1325, 1325 என்று ஒரு இலக்கம் சொல்லுவார்கள். பெண்களும் சமாதானப் பேச்சில் முடிவெடுக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 ஒக்டோபரில் எடுத்த தீர்மானம் அது. இலங்கை அதற்குத் தேசிய செயற்திட்டம் போட்டது 2023 இல். யுத்தம் முடிந்து 14 வருடம் போன பிறகு.

உள்ளூராட்சியில் பெண்கள் 25 வீதம் என்று 2016 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 தேர்தலோடு சபைக்குப் பெண்கள் வந்தார்கள், உண்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் வந்த ஒருவருக்கு வருகிற அழைப்பை இன்றைக்கும் கணவர்தான் எடுக்கிறார். கதிரை கொடுத்தால் போதுமா? வீட்டு வேலை, கூலி வேலை, கடன், அதற்கு மேல் சமாதானத்தையும் பெண்களின் தலையில் ஏற்றுகிறோம். சம்பளமும் இல்லை, பஸ் காசும் இல்லை.

வெருகல்கரை:

கரைவலை அண்ணா, பஸ் காசு பற்றிச் சொன்னது சரி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சேருக்கு.

சேர், தண்ணீர் சின்ன விஷயமா? 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டின் கதவு மூடப்பட்டது ஞாபகம் இருக்கும். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்ற இடத்தில்தான் சண்டை தொடங்கியது. ஓகஸ்டில் மூதூரே வெறிச்சோடியது. உங்கள் சனம் கந்தளாய்க்கு ஓடியது. தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேரை மூதூரில் சுட்டுக் கொன்றார்கள். சம்பூர்ச் சனத்தில் பலர் வெருகல் தாண்டி மட்டக்களப்புக்குப் போய், பிறகு கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். சொந்தக் காணிக்குத் திரும்ப 2015, 2016 ஆகிவிட்டது. இந்த மாவட்டத்தில் தண்ணீரைக் கதைப்பவர் சமாதானத்தைத்தான் கதைக்கிறார். எந்த வாய்க்காலில் எந்த ஊர்க்காரன் எந்த நேரம் மறித்தான் என்பது, விடிய நாலு மணிக்குக் குடத்தோடு போகிறவளுக்கு முதலில் தெரியும்.

மூதூர் ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நீங்கள் சொன்ன ஒரு வசனத்தில் என் மனம் நின்றுவிட்டது. "பெண்களுடைய கருத்து எங்கள் வாயால் வருகிறது."

2002 இல் அரசுக்கும் புலிகளுக்கும் சமாதானப் பேச்சு தொடங்கியபோது நம் சமூகம் என்ன கேட்டது? முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு வேண்டும் என்று. நம் வீடு, நம் காணி, நம் உயிர் பற்றி வேறு ஆட்கள் முடிவெடுக்க வேண்டாம் என்று. அது கிடைக்கவில்லை. செப்டெம்பரில் அந்தப் பேச்சுக்காகத் தாய்லாந்துக்கு முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் போனார், அரச தூதுக்குழுவில் ஒருவராக. உங்கள் பிரச்சினையும் உள்ளே கதைக்கப்படும் என்றுதான் நமக்குச் சொன்னார்கள். 2003 ஏப்ரலில் மூதூரில் தமிழர், முஸ்லிம் கலவரம் நடந்தபோது நான் ஓ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளை. யாருடைய வாயாலோ நம் கருத்து போவதன் வலி அப்போதே உம்மா வாப்பாவின் முகத்தில் பார்த்தேன். உங்களுக்கும் அந்த வலி தெரியும் சேர். அதே பதிலை நீங்கள் எனக்குச் சொல்லலாமா?

உப குழு பற்றியும் சொல்கிறேன். அதே பேச்சில் 2002 டிசம்பரில் பெண்களுக்கென்று ஓர் உப குழு அமைத்தார்கள். அரசு 5 பெண்கள், புலிகள் 5 பெண்கள், ஒழுங்குபடுத்த நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபெர்க். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடி மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், நல்லிணக்கம் என்று வேலையை வகுத்தார்கள். நல்ல தொடக்கம். ஏப்ரலில் பெரிய மேசை குழம்பியதும் அவர்களுடைய மேசையும் போய்விட்டது. பெரிய மேசையை நிறுத்தவோ இழுத்துப் பிடிக்கவோ அவர்களுக்கு அங்கே கதிரை இருக்கவில்லை. இன்னொரு உப குழு எங்களுக்கு வேண்டாம்.

காத்திருப்பவள்:

இங்கே எல்லாரும் பெண்கள் வந்தால் சமாதானம் வரும் என்ற மாதிரிக் கதைக்கிறீர்கள். எனக்குக் கோபம் இருக்கிறது. என் அண்ணனைக் கூட்டிப் போனார்கள், வரவில்லை. அம்மா இருந்தவரை அம்மா அலைந்தார், இப்போது நான். விசாரணை என்று யார் வந்தாலும் அதே பத்திரங்களைப் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு போகிறேன். 2017 முதல் வீதியோரத்தில் படத்தோடு இருந்தோம். நல்லிணக்கத்தைக் குழப்ப வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னவர்களில், சகவாழ்வுக் குழுவில் இருந்த பெண்மணி ஒருவரும் உண்டு. ஆகவே என் கேள்வி வேறு. பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். அந்த அறைக்குள் எதைச் சொல்லலாம் என்று யாரும் கேட்கவில்லை. காணாமல் போனவரின் பெயரைச் சொல்ல முடியாத குழுவில் 15 பேரும் பெண்களாக இருந்தாலும் எனக்கு என்ன?

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு நாள் ஒரு வாங்கில் பக்கத்தில் கந்தளாய்ப் பக்கமிருந்து வந்த சிங்கள அம்மா. மடியில் லெமினேட் பண்ணிய படம், என்னுடையதைப் போல, அதே அளவு. அவர் அதைக் கவிழ்த்து வைத்திருந்தார். கன நேரத்துக்குப் பிறகு நான் கையை நீட்டிக் கேட்டேன். மகன், ஆமி உடுப்பில். அந்த உடுப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வரும் என்றுதான் கவிழ்த்திருக்கிறார். கோபம் வரத்தான் செய்தது. என்றாலும் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்த்தித்தான் கொடுத்தேன், அவரும் அப்படியே வைத்துக்கொண்டார். எனக்குச் சிங்களம் பத்துச் சொல், அவருக்குத் தமிழ் அதுகூட இல்லை. எந்தக் குழுவும் எங்களை அந்த வாங்கில் உட்கார வைக்கவில்லை.

கரைவலை:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் திருத்துகிறேன். நான் எதிர்ப்பது பெனரை. உங்களை இல்லை. ஆனால் என் சந்தேகம் அப்படியே நிற்கிறது. நீங்கள் குழுவுக்குள் போய் அண்ணனின் பெயரைச் சொன்னால், இந்த விஷயம் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று ஒருவர் எழும்புவார். அப்போது மற்ற 14 பேரில் யார் வாயைத் திறப்பார்கள்? தனியாக ஒருத்தி மாட்டிக்கொள்வாள். ஊருக்கு வெளியே இருந்தும் ஆட்கள் விசாரிக்க வருவார்கள், அதுவும் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது.

மூதூர் ராத்தா:

அதனால்தானே நானா, மூன்றில் ஒரு பங்கு கேட்கிறோம்? இரண்டு பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் தனி. ஐந்து பேர் என்றால் ஒருத்தி சொல்லத் தொடங்க, இன்னொருத்தி "அவ சொல்லி முடிக்கட்டும்" என்று சொல்லலாம். நான் கூட்டங்களில் கண்ட வித்தியாசம் அதுதான். சபைகளிலும் 2 வீதத்துக்கும் குறைவாகப் பெண்கள் இருந்த காலத்தில் ஒருத்தியும் எழும்பவில்லை. இப்போது சிலருக்குக் கணவர் போன் எடுக்கிறார் என்கிறீர்கள், சரி. மற்றவர்கள் தாங்களே எடுக்கிறார்களே.

கிண்ணியா சேர்:

மகள், 2002 பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். தனித் தரப்புக் கேட்டுக் கையெழுத்துச் சேர்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஒப்பீட்டை நான் யோசித்ததில்லை. உப குழு யோசனையைக் கைவிடுகிறேன்.

ஆனால் சொன்னால் கேட்பார்கள் என்ற பலம் பற்றி நான் சொன்னதை இன்னும் கைவிடவில்லை. எங்கள் பள்ளி நிர்வாகத்தில் பெண்கள் இல்லை. ஒரு பெண் உறுப்பினர் மையவாடி எல்லை பற்றி உடன்பட்டு வந்தால் நிர்வாகம் ஏற்காது. ஏற்க வேண்டுமா என்பது வேறு கேள்வி, இன்றைக்கு ஏற்காது. அதற்கு உங்களிடம் என்ன வழி?

வெருகல்கரை:

சேர், நேர்மையான கேள்வி. முழு வழி என்னிடம் இல்லை, தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

மத்தியஸ்த சபையைப் பாருங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு தரப்பையும் உட்கார வைத்து அவர்களையே உடன்பட வைக்கிறார்கள், கையெழுத்து வைப்பது சண்டைக்காரர்கள். எங்கள் குழுவும் அப்படி நடந்தால், மையவாடி விஷயத்தில் கையெழுத்து வைப்பது பள்ளி நிர்வாகம்தான். அந்தக் கையெழுத்து வரை அவர்களைக் கொண்டு வருவது குழுவின் வேலை. அந்த வேலையை இடியப்ப அம்மா செய்து காட்டியிருக்கிறார்.

கரைவலை அண்ணா கேட்ட பஸ் காசையும் கடிதத்தில் சேர்த்துவிட்டேன், கூட்டத்துக்கு வருகிற எல்லாருக்கும், ஆண்களுக்கும் சேர்த்து. காத்திருப்பவள் அக்கா, உங்களுக்காக ஒரு வரி: "உறுப்பினர் எவரும் எழுப்பும் விடயம் நிகழ்ச்சி நிரலில் இல்லை என்ற காரணத்தால் பதிவு செய்யாமல் விடப்படக் கூடாது." சொற்கள் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நேரம்: இடியப்ப அம்மாவிடம் கேட்டேன். விடிய மூன்று மணிக்கு எழும்புகிறார், பின்னேரம் ஐந்துக்கு மா வறுக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் இரண்டு மணி வரை ஓய்வு. பதினொன்றுக்குக் கூட்டம் வைக்கக் கேட்டிருக்கிறேன்.

காத்திருப்பவள்:

"எழுப்பும் விடயம்" என்பதோடு "பெயரும்" என்று சேர்க்கவும்.

கரைவலை:

பதினொன்றுக்கு நாங்கள் கடலால் வந்து வலையும் காய வைத்திருப்போம். எனக்குச் சரிவரும். இந்த முறை பிளேன்ரீயை மீனவர் சங்கம் ஊற்றும்.

கிண்ணியா சேர்:

வெள்ளிக்கிழமை பதினொன்று வேண்டாம், ஜும்ஆ இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. கடிதத்தை எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி, வாசித்துவிட்டு மனைவியிடமும் கொடுக்கிறேன். அவர் கையெழுத்து வைப்பதா என்று அவரே சொல்லட்டும்.