புதுப்பிப்பு: அப்பாவின் கப்சாய் த்ராட்டில் சரியாகிவிட்டது

அப்பாவின் பழைய 70 சிசி கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிள்), முறுக்கிய த்ராட்டில் (வேகம் கூட்டும் கைப்பிடி) திரும்பாமல் ஒட்டிக்கொள்வதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். கார்புரேட்டரைக் கழுவச் சொன்னீர்கள், கழுவினேன், பயனில்லை. இங்கே பினாங்கில், ஆயர் ஈத்தாம் பட்டறை அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: “வண்டி நின்றபடியே, த்ராட்டிலை முறுக்காமல் ஹேண்டில்பாரை இடம் வலமாகத் திருப்பினால் இன்ஜின் வேகம் கூடுகிறதா?” கூடியது! த்ராட்டிலிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் கேபிள் இழுபடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. கழற்றினால், உள்கம்பியில் இரண்டு இழைகள் அறுந்து உறைக்குள் குத்திக்கொண்டிருந்தன. பினாங்கு உப்புக்காற்றில் துரு வேறு. இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள், தயவுசெய்து மாற்றிவிடுங்கள். புதியதை எங்கும் மடங்காமல் பொருத்தி, பிடியில் சில மில்லிமீட்டர் தளர்வு விட்டோம். இப்போது கையை எடுத்ததும் ‘டக்’கென்று திரும்புகிறது. நேற்று மாலை அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கர்னி டிரைவ் கடற்கரைச் சாலை வரை போய்வந்தேன்.