தேவனுடைய வல்லமையைத் தியானித்து ஜெபிப்பது முகஸ்துதி ஆகிவிடாதா?

கேள்வி:
என் தாயார் படுத்த படுக்கையான நாள்முதல் என் ஜெபம் வெறும் விண்ணப்பமாகச் சுருங்கிவிட்டது. தேவன் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் தியானித்துத் துதித்துவிட்டுப் பிறகு கேட்கும்படி சபைப் பெரியவர் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்ய முற்படும்போதோ, காரியம் ஆகவேண்டி ஒருவரைப் புகழ்வதுபோல் மனம் கூசுகிறது. அவருடைய வல்லமையையும் குணத்தையும் உண்மையாய் நினைத்து ஜெபிப்பது எப்படி?

மறுமொழி 1:
சகோதரி, எண்ணாகமம் 14-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கானான் தேசத்தை வேவுபார்க்கப் போன 12 பேரில் 10 பேர் துர்ச்செய்தி பரப்ப, இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்துக்கே திரும்ப முனைந்த வேளையில், ஆண்டவருடைய வல்லமை பெரிதாய் விளங்கவேண்டும் என்று மோசே மன்றாடுகிறார். வல்லமை என்றவுடன் நமக்குப் பிளந்த செங்கடல்தான் நினைவுக்கு வரும். மோசேயோ, நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர் என்று சீனாய் மலையில் கர்த்தர் தம்மைக் குறித்துத் தாமே அறிவித்ததை எடுத்துச் சொல்லி, மன்னிப்பைக் கேட்கிறார். அழிக்கக் கூடியவர் பொறுத்துக்கொள்வதையே அவருடைய பலமாக மோசே கண்டார். இது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. முகஸ்துதி செய்கிறவன் இல்லாததைப் புனைந்து சொல்வான். மோசே, கர்த்தர் சொன்ன வார்த்தையையே அவர்முன் வைத்து, அதைப் பற்றிக்கொண்டு நின்றார்.

மறுமொழி 2:
யூதாவின் ராஜாவாகிய யோசபாத்தின் ஜெபத்தையும் பாருங்கள் (2 நாளாகமம் 20:6–12). மோவாபியரும் அம்மோனியரும் திரண்டு வந்த நெருக்கடியிலும், தேவன் ராஜ்யங்களை ஆளுகிறவர் என்பதிலேதான் அவர் தொடங்குகிறார். செய்வது இன்னதென்று தெரியவில்லை என்ற அறிக்கை கடைசி வசனத்தில்தான் வருகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆனால் சில இரவுகளில் அவருடைய கிருபையை நினைத்தாலே அழுகைதான் வருகிறது.

மறுமொழி 3:
அம்மா, அந்த அழுகையும் வேதத்தில் இருக்கிறது. 77-ஆம் சங்கீதத்தில் ஆசாப், தேவனை நினைத்தபோது அலறினேன் என்கிறார். தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்றும் கேட்கிறார். அதன்பிறகே அவருடைய பூர்வகாலத்து அதிசயங்களை ஒவ்வொன்றாக நினைவுகூருகிறார். கடலில் தேவனுடைய வழி உண்டாயிருந்தது, அவருடைய காலடிகளோ தெரியவில்லை என்கிறார். தம் துயரம் நீங்கியதாக அவர் எங்கும் எழுதவில்லை. மோசே, ஆரோன் என்பவர்களின் கையால் தேவன் தம் ஜனத்தை ஆட்டுமந்தையைப்போல் நடத்தியதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். இன்றிரவு தாயாரின் அருகே அமர்ந்து, அவர் காதில் விழும்படி அந்த 20 வசனங்களையும் வாசியுங்கள்.